ஈறு அளவு எழுதும் தணிகாசலம்

“வாய அப்புறம் தொறக்கலாம்மா, மொதல்ல அட்டைய எடு” என்கிறார் தணிகாசலம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பல் மருத்துவமனையில் நெசவாளர் காப்பீட்டுத் தாள்களை நிரப்புவது அவர் வேலை. ஆறு மாதமாக எழுதுகிறார். ஒரு வாய்க்குள்ளும் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்தால் சோறு இறங்காதாம்.

உள்ளே டாக்டர் ஸ்ரீவல்லி பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அளவுக்கம்பியை விட்டு ஆழத்தை உரக்கச் சொல்வார்: “ரெண்டு, மூணு, ஏழு.” தணிகாசலம் வெளியே மேசையில் எழுதுவார். மூன்று மில்லிமீட்டர் வரை நலம். மேலே போனால் நோய். இந்த ஊரில் அது வாய் முழுக்கப் பரவியிருப்பது குறைவு. நெசவாளர்கள் பட்டிழையைக் கடித்து அறுக்கும் இரண்டு முன்பல்லின் அடியில் மட்டும் வருடக்கணக்காக ஈறு கரைந்திருக்கும். எந்தப் பல், எவ்வளவு ஆழம்: காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் படிப்பது இவ்வளவுதான்.

இந்த வேலைக்கு முன் முப்பது வருடம் அவர் கூட்டுறவுச் சங்கத்தில் சேலை சரிபார்த்தவர். ஏழு குறை இருந்தால் மூன்று என்று எழுதுவார். நெய்தவருக்குக் கூலி பிடிக்க மாட்டார்கள். தெருவே அவரைக் கும்பிட்டது. அந்தப் புண்ணியத்தை ஈறு வரை நீட்டிவிட்டார். நெசவாளி வாயில் ஏழு என்று கேட்டால் பேனா மூன்று என்று எழுதுகிறது. டாக்டர் கையெழுத்துப் போடும் வேகத்தில் எதையும் படிப்பதில்லை. மேலே நோயின் பெயர், கீழே நோயில்லாத அளவுகள். பணம் வராது, தாள்தான் திரும்பி வரும். “கம்பெனிக்காரன் கல்நெஞ்சன்பா” என்று அவரே திட்டுவார்.

அங்கே எக்ஸ்ரே இயந்திரத்தைச் சரிபார்க்க மாதம் ஒருமுறை போகிறவன் நான். நெசவாளியான என் அப்பாவின் தாளும் திரும்பியது. மறுபடி அனுப்புவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். அதற்கு ஈறு காரணமில்லை. கடைசி இரண்டு மாதம் அவர் கஞ்சியே குடித்ததற்குத்தான் ஈறு காரணம். சாவுக்கு வந்த தணிகாசலம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்கப்பா வாயில ஒரு கொற நான் எழுதல தம்பி.”

போன வாரம் ரேணுகாம்பாள் என்ற நெசவுக்காரப் பெண் திரும்பி வந்த தாளோடு வந்து நின்றாள்.

“டாக்டரம்மா ஏழுன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. நீ இன்னாத்துக்குண்ணா மூணுன்னு எழுதிக்கினு கீறே?”

“பொம்பள வாயில ஏழுன்னு போட்டா மெட்ராசு கம்பெனிக்காரன் இன்னாம்மா நெனைப்பான்?”

“அவன் இன்னா என்னைப் பொண்ணு பாக்கவா வரான்? மாசக் கடைசியில அட்டை முடியுது. ரெண்டு பல்லும் ஆடுது. இப்ப உட்டா புடுங்குறதுதான். அப்புறம் என் இழைய நீ வந்து கடிச்சுக் குடுக்கிறியா?”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். தணிகாசலம் புதுத் தாள் எடுத்தார். இரண்டு எழுதினார், மூன்று எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

“போடுண்ணா.”

போட்டார். ஏழு. டாக்டர் வந்து கையெழுத்துப் போடும்வரை, யாரும் பார்த்துவிடாதபடி, அந்த எண்ணை இடது உள்ளங்கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.