படகு இஞ்சினை ஏற்றிக்கொண்டு லெப்பைக்குடிக்காட்டுக்கு: நல்ல பியூயல் பம்பைத் தேடி இரண்டு நாள்

மார்ச் இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்குத் தரங்கம்பாடியிலிருந்து கிளம்பினோம். நான், எங்கள் படகை ஓட்டும் சேகர் அண்ணன், வாடகைக்கு எடுத்த சின்ன லோடு வண்டி, அதன் பின்னால் கட்டைச் சட்டத்தில் நிமிர்த்திக் கட்டிய 115 குதிரைத்திறன் படகு இஞ்சின். போன இடம் கடலே இல்லாத பெரம்பலூர் மாவட்டம். படகு இஞ்சினைச் சரிபார்க்க யாராவது கடலை விட்டு உள்ளே போவார்களா என்று கேட்பீர்கள். முதலில் நானும் அப்படித்தான் கேட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் உடற்கல்வி ஆசிரியை. ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெரியவர்களுக்குக் கடல் நீச்சல் பயிற்சி தருகிறேன். நீந்துகிறவர்களுக்குத் துணையாக எங்கள் பைபர் படகு கூடவே வரும். இவ்வளவு பெரிய இஞ்சின் பகட்டுக்காக வாங்கியதில்லை. யாராவது கையைத் தூக்கினால் அரை நிமிடத்தில் அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், அதற்காக.

பிப்ரவரி முதல் ஞாயிறு மாலதி கையைத் தூக்கினாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண், முப்பத்து நான்கு வயது. கரையிலிருந்து எழுநூறு மீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சேகர் அண்ணன் படகைத் திருப்பி முழு வேகம் கொடுத்தார். நூறு மீட்டர்கூடப் போயிருக்காது, இஞ்சின் இழுத்து இழுத்து நின்றுவிட்டது. வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு மீன்பிடிப் படகு போய் அவளைத் தூக்குவதற்கு ஆறேழு நிமிடம் ஆனது. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினாள். அதன் பிறகு கடலில் இறங்கவில்லை.

அன்றைக்குக் கரையில், பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் சேகர் அண்ணனைப் பார்த்துக் கத்தினேன். பெட்ரோல் டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திறக்காமல் ஓட்டினால் இஞ்சினுக்குப் பெட்ரோல் வராது. அதைத்தான் மறந்துவிட்டார் என்றேன். "தொறந்துதான் டீச்சர் இருந்துச்சு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று பெட்ரோலை இஞ்சினுக்குள் தள்ளும் பம்ப் ஒன்றை இணையத்தில் 4,200 ரூபாய்க்கு வாங்கி மாட்டினோம். பத்து நிமிட ஓட்டம் நன்றாக இருந்தது. மூன்றாவது வாரம் நானே ஓட்டிப் பார்த்தேன். திருகை என் கையால் திறந்திருந்தேன். முழு வேகத்தில் மறுபடியும் நின்றது. சேகர் அண்ணன்மேல் தப்பில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது வேறு, இது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஷார்ஜாவில் பந்தயப் படகுகளின் இஞ்சின் பட்டறையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர் ஒருவர் ஊர் திரும்பிப் பட்டறை வைத்திருக்கிறார், ஊர் லெப்பைக்குடிக்காடு என்று காரைக்காலில் ஒரு நண்பர் சொன்னார். பெயர் யூசுப். போனில் பேசினேன். "இஞ்சினைக் கொண்டாங்க. பழைய பம்பு, புதுப் பம்பு ரெண்டையும் கொண்டாங்க. அன்னைக்கு ஓட்டுனவரையும் கூட்டியாங்க" என்றார். ஓட்டியவர் எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மயிலாடுதுறை, கும்பகோணம், அணைக்கரை, ஜெயங்கொண்டம் வழியாகப் போனோம். ஜெயங்கொண்டம் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக எதிரே வரும். சின்ன வண்டியில் போகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்சம் பொறுமையாகப் போங்கள். சேகர் அண்ணன் அருமையாக ஓட்டினார். நான்கு மணி நேரத்தில் அவர் பேசியது, டீ வேண்டுமா என்பது மட்டும்தான்.

9.20-க்கு அரியலூர். டீக்கடையில் ஒருவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இது என்னங்க, போர் போடுற மிசினா?"

"போட்டு இஞ்சின்" என்றார் சேகர் அண்ணன்.

"போட்டா? இங்க எங்கங்க ஓட்டப் போறீங்க?"

கடை முழுக்கச் சிரிப்பு. சேகர் அண்ணனும் சிரித்தார். ஒரு மாதம் கழித்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பக்கத்திலிருந்த வண்டி உதிரிபாகக் கடையில் சும்மா விசாரித்தேன். கடைக்காரர் ஒரு கார் பம்பை எடுத்து வைத்தார். "அதே பிரசர்தான் மேடம், 1,800 ரூவா. எதுக்கு இதைத் தூக்கிக்கிட்டு அம்புட்டுத் தூரம் போறீங்க?" ஒரு நிமிடம் மனம் சபலப்பட்டது. நல்ல வேளை, வாங்கவில்லை.

குன்னம் வழியாக லெப்பைக்குடிக்காடு போய்ச் சேர்ந்தபோது 11.15. வண்டி மீட்டர் மொத்தம் 184 கிலோமீட்டர் காட்டியது. வெள்ளாற்றில் மணல்தான் இருந்தது. புதிதாகக் கட்டிய பெரிய பெரிய வீடுகள், பாதி வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில். யூசுப்பின் பட்டறையில் மருந்து தெளிக்கும் மிசின்கள், பவர் டில்லர், தண்ணீர் மோட்டார்கள். அவருக்கு முப்பத்தெட்டு வயதுதான் இருக்கும். நான் யாரோ பெரியவரை எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

"வாங்க டீச்சர், வாங்கண்ணே. மொதல்ல சர்பத் குடிங்க" என்றார். பிறகு என்னை விட்டுவிட்டுச் சேகர் அண்ணன் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்கதான ஓட்டுனீங்க? எப்புடி நின்னுச்சு? டக்குன்னா, இழுத்துக்கிட்டா?"

"இழுத்துக்கிட்டு. மொதல்ல சுதி கொறைஞ்சுது, அப்பறம் ரெண்டு தடவ குலுக்குச்சு, நின்னுடுச்சு."

"பைப்புல கையால அமுக்குற ரப்பர் உருண்டை இருக்குல்ல, அதைத் தொட்டுப் பாத்தீங்களா? சப்பிப் போயி இருந்துச்சா, கெட்டியா இருந்துச்சா?"

"கெட்டியா இருந்துச்சு தம்பி. அமுக்குனேன், அமுங்கல."

யூசுப் என் பக்கம் திரும்பினார். "டேங்க்ல காத்து அடைச்சிருந்தா அந்த உருண்டை உள்ள இழுத்துச் சப்பிப் போயிரும். கெட்டியா இருந்துச்சுன்னா அதுவரைக்கும் பெட்ரோல் நல்லா வந்திருக்கு. கோளாறு அதுக்கு அங்கிட்டு, இஞ்சினுக்குள்ள. அண்ணன் அன்னைக்கே சரியாத்தான் பாத்திருக்காரு."

அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருக்கலாம். ஐந்து வாரமாக அவர் பதிலை வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்து யூசுப் செய்ததை, படகு வைத்திருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள். கூரைக்கு வெளியே, உச்சி வெயிலில், அடுப்பு பீடி எதுவும் அண்டாத இடத்தில் ஒரு கேன் பெட்ரோல். அதில் பம்பை இறக்கி, பேட்டரி கொடுத்து, வெளியே வரும் பைப்பில் அழுத்தம் காட்டும் மீட்டரும் ஒரு வால்வும் மாட்டினார். இஞ்சின் கேட்கும் அழுத்தம் 42 பிஎஸ்ஐ. முள் அந்த இடத்தில் நிற்கும்படி வால்வைத் திருகி வைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எவ்வளவு பெட்ரோல் வருகிறது என்று அளவு ஜாடியில் பிடித்தார். பிறகு இருபத்தைந்து நிமிடம் விடாமல் ஓடவிட்டு மறுபடி பிடித்தார்.

பிப்ரவரியில் இஞ்சினில் இருந்த பழைய பம்ப்: முதலில் 950 மில்லி, சூடான பிறகு 400. இணையத்தில் வாங்கியது: முதலில் 900, பிறகு 560. யூசுப் அலமாரியிலிருந்து எடுத்த, படகுக்கென்றே செய்த பம்ப்: முதலில் 1,150, பிறகு 1,100.

"ஒங்க இஞ்சினு முழு வேகத்துல மணிக்கு நாப்பது லிட்டர் குடிக்கும். பழசு சூடானப்பறம் தர்றது இருபத்தி நாலு. நீங்க வாங்குன புதுசு முப்பத்தி நாலு. மெதுவாப் போறப்ப ரெண்டுமே போதும், ஒண்ணும் தெரியாது. அவசரம்னு முறுக்குறீங்க பாருங்க, அப்பத்தான் கைய விரிக்கும்."

கார் பம்பைப் பற்றியும் கேட்டேன். "அது நல்ல பம்புதான், காருக்கு. உப்புக் காத்துக்குச் செஞ்சதில்ல. மூணே மாசத்துல ஒயர் முனையெல்லாம் பச்சை புடிச்சிரும். பெட்ரோல் ஆவி தேங்குற எடத்துல ஒரு பொறி பறந்தா என்னாகும்?"

கடைசியாகப் பழைய பம்பின் சல்லடையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். பழுப்பு நிறத்தில் பசைபோல ஏதோ அப்பியிருந்தது.

"பெட்ரோல் எவ்வளவு நாளு டேங்க்ல கெடந்துச்சு?"

"அக்டோபரிலிருந்து ஜனவரி வரைக்கும். பாதி டேங்க்."

"இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கு டீச்சர். ஈரத்தை இழுத்துக்கும். மழைக்காலம் பூரா அப்புடியே வெச்சா அடியில தண்ணி தங்கிரும். பம்பு அதைத்தான் குடிச்சிருக்கு. யாரு வெக்கச் சொன்னது?"

"நான்தான்" என்றேன். சேகர் அண்ணன் ஆற்றுப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இஞ்சினை யூசுப்பிடம் விட்டுவிட்டு, புது பைப்பும் தண்ணீர் பிரிக்கும் பில்டரும் வாங்கப் பெரம்பலூர் போனோம். 33 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். இங்கே கல்குவாரி வண்டிகளுக்கும் போர்வெல் வண்டிகளுக்கும் பைப் செய்துதரும் கடைகள் நிறைய. எத்தனால் தாங்கும் பைப் என்று கேட்டு வாங்குங்கள். பில்டரோடு சேர்த்து 3,850 ரூபாய். பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜில் ஆளுக்கொரு அறை, ஒன்று 1,200.

ஏழரை மணிக்கு ஓட்டலில் இட்லி சாப்பிடும்போது சொன்னேன். "அண்ணே, தப்பு என்மேலதான். அன்னைக்கு உங்களைப் பேசினது ரொம்பத் தப்பு. மன்னிச்சிடுங்க."

அவர் கையிலிருந்த இட்லியைச் சாப்பிட்டு முடித்தார்.

"எங்கிட்ட இங்க ஒக்காந்து சொல்றது பெருசில்ல டீச்சர். கரையில நாலு பேரு முன்னாடிதான பேசுனீங்க. எம் பொண்ணும் அங்கதான் நின்னுச்சு. அப்பா மறந்துட்டியாப்பான்னு இன்னைக்கும் கேக்குது."

அவருடைய மகள் அங்கே இருந்தது எனக்குத் தெரியாது. காசு கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் எட்டு மணிக்கு மறுபடி லெப்பைக்குடிக்காடு. புது பம்பை மாட்டி, ஒரு வெங்காய வயலின் சிமெண்டுத் தொட்டியில் இஞ்சினை இறக்கி ஓடவிட்டார் யூசுப். தொட்டியில் முழு வேகம் கொடுக்க முடியாது, கடலில் நாற்பது நிமிடம் விடாமல் முறுக்கிப் பாருங்கள், அதற்கு முன்னால் யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். பம்ப் 16,500, வேலைக் கூலி 2,500. பதினோரு மணிக்குக் கிளம்பி ஐந்தரைக்கு வீடு. வண்டி வாடகை இரண்டு நாளுக்கு 5,500, டீசல் தனி.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: பம்ப் வாங்கும்போது அழுத்தத்தை மட்டும் கேட்காதீர்கள். அந்த அழுத்தத்தில், சூடான பிறகு, நிமிடத்துக்கு எவ்வளவு தரும் என்று கேளுங்கள். உங்கள் இஞ்சின் முழு வேகத்தில் குடிப்பதைவிடக் கால் பங்காவது கூடுதலாக இருக்கட்டும். மழைக்காலத்தில் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். பம்ப் விலையில் மிச்சம் பிடிக்கப் பார்த்து நான் ஒரு மாதத்தை இழந்தேன். பழுது வந்தால் ஓட்டியவரிடம் முதலில் கேளுங்கள், கேட்டுவிட்டு நம்புங்கள். இஞ்சின் நிற்கும்போது அதன் மேல் கை வைத்திருந்தவர் அவர்தான். பம்ப் தேர்ந்தெடுப்பது அவருடைய பதிலிலிருந்துதான் தொடங்குகிறது. லெப்பைக்குடிக்காட்டுக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், தொழுகை முடியும்வரை பட்டறை பூட்டியிருக்கும்.

சனிக்கிழமை கடலில் நாற்பது நிமிடம் முழு வேகத்தில் ஓட்டினோம். நிற்கவில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். சேகர் அண்ணனின் மகளையும் வரச் சொல்லியிருந்தேன். எட்டாவது படிக்கிறாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். பெட்ரோலைத் தேங்க விட்டது நான், திருகைச் சரியாகத் திறந்து வைத்திருந்தவர் இவர், பழியை இவர்மேல் போட்டதும் நான் என்றேன். யாரும் கை தட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அதுதான் சரி.

கடைசியில் நின்ற மாலதி வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தாள். சேகர் அண்ணனிடம் போய், "அண்ணே, நான் இறங்குனா எம்பக்கத்துலயே வருவீங்களா?" என்று கேட்டாள்.

"பத்தடி தள்ளியே வரேம்மா" என்றார்.

முந்நூறு மீட்டர் போய்த் திரும்பினாள். அவர் சொன்னபடியே பத்தடி தள்ளிப் படகு போனது. முன்பக்கத்தில் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள்.