ஆள் குறைந்த தோட்டங்களின் பந்துப் போட்டி

ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷம் அது. நாங்கள் கப்பலேறி வந்து வேலை பார்த்த ஜாசினைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களுக்குள் அப்போது வருஷாவருஷம் கால்பந்துப் போட்டி நடக்கும். ஒவ்வொரு தோட்டமும் மற்ற எல்லாத் தோட்டங்களோடும் ஆடவேண்டும். ஜெயித்தால் புள்ளி, கடைசியில் புள்ளி கூடின தோட்டத்துக்குக் கோப்பை. காலையில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு, சாயங்காலம் வெறுங்காலோடு ஆடுவோம். நான் கோல் காவல். முன்வரிசையில் நடு ஆள் என் அண்ணன். எங்கள் கோல்களில் பெரும்பாதி அவர் அடித்ததுதான்.

போட்டி பாதியில் இருக்கும்போது தோட்டத்தில் ஆள் குறைக்க ஆரம்பித்தார்கள். குடும்பக்காரர்களை முதலில் ஊருக்குக் கப்பலேற்றச் சொல்லி துரை உத்தரவு என்று கங்காணி நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து சொன்னார். அண்ணனுக்கு மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, என்னை வைத்துக்கொண்டார்கள்.

அவர்களை ஏற்றிப்போக லோரி வந்த அன்று எங்களுக்கு ஆட்டம். ஆட்டத்துக்குப் போகவில்லை, கூட இருந்து ஏற்றிவிடுகிறேன் என்றேன். அண்ணன் மூட்டையைக் கட்டிக்கொண்டே, "நீ போய் கோல்ல நில்லுடா. இங்க நின்னு என்ன செய்யப்போற," என்றார்.

போய் நின்றேன். திடலை ஒட்டின செம்மண் பாதையில்தான் லோரி போனது. அண்ணி குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். அந்நேரம் பந்து என் பக்கம் வந்தது. பிடித்தேன். நிமிர்ந்தபோது பாதையில் புழுதிதான் இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

அதற்குப் பிறகு சரியாக ஆட்டமே நடக்கவில்லை. மற்ற தோட்டங்களிலும் ஆள் போய்விட்டது. நாங்கள் திடலில் காத்திருப்போம், அவர்கள் வரமாட்டார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி விசில் ஊதி, புள்ளி நமக்கு என்பார். திரும்பிவிடுவோம். இப்படியே மேலேறி, கோல் அடிக்க ஆளில்லாத நாங்கள் கோப்பையை வாங்கினோம். துரை என் கையைக் குலுக்கி ஏதோ சொன்னார். நல்லா ஆடினோமாம், கிராணி தமிழில் எடுத்துச் சொன்னார். தலையாட்டினேன்.

அண்ணன் இருந்த லயத்து வீடு திறந்தே கிடந்தது. சில நாள் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்து தின்றேன்.

விலை ஏறியதும் ஊரிலிருந்து புது ஆட்கள் வந்தார்கள். அண்ணன் வரவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவரிடம் விசாரித்தேன். அண்ணன் செங்கல் சூளையில் வேலை செய்வதாகவும், குழந்தை தங்கவில்லை என்றும் சொன்னார்.

"பந்து ஆடுறாரா?" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"அங்க ஏதுங்க பந்து," என்றார் அவர்.

அந்த வருஷப் போட்டிக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். கோலில் நின்றேன்.