இரண்டு சுண்டு

இது கட்டிய கதை இல்லை. சந்தேகம் இருந்தால் முத்தியால்பேட்டைக்குப் போய் ஒயர்மேன் செம்மலின் வலது உள்ளங்கையைப் பாருங்கள். சுண்டுவிரலுக்குக் கீழே தொடங்கிக் கட்டைவிரல் வரைக்கும் ஒரே கோடாகத் தீய்ந்த தழும்பு. கைரேகை பார்ப்பவர்கள் கண்டால் குழம்பிப் போவார்கள். போன வருஷம் அக்னி நட்சத்திரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் விழுந்த கோடு அது. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நம்புகிறவர்கள் இதைப் படித்த பிறகு மத்தியானத் தூக்கத்தையும் விட்டுவிட்டால், அதற்கு நான் பொறுப்பில்லை.

செம்மல் கெட்டவன் இல்லை. ஆனால் ஒரு தப்பு செய்தான், அதைத் தெரிந்தே செய்தான். பிள்ளைச்சாவடியில் சிந்துஜா என்ற பெண்ணின் வீட்டில் மாடி அறை கட்டியபோது ஒயரிங் வேலை அவனுக்கு வந்தது. நல்ல ஒயருக்குப் பணம் வாங்கிக்கொண்டு, பாதி விலைக்குக் கிடைத்த ஒரு சுருளை வாங்கிவிட்டான். பெயர்பெற்ற கம்பெனிப் பெட்டி, மினுக்குகிற ஸ்டிக்கர், எல்லாம் அச்சு அசல். உள்ளே இருந்ததுதான் வேறு. மேலே தடித்த பிளாஸ்டிக், நடுவில் நூல் மாதிரி கம்பி, அதுவும் செம்பு முலாம் பூசிய அலுமினியம்.

அவனோடு சேர்ந்து வேலை பார்த்தவர் பக்கிரி. ஐம்பது வயது, வாயில் எப்போதும் வெற்றிலை. சுவருக்குள் புதைத்த பைப்பில் ஒயர் ஓட்ட இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஒரு முனையில் உள்ளே விடுவார், மற்றவர் மறுமுனையில் இழுப்பார். நடுவில் சுவர், கத்தினாலும் கேட்காது. அதனால் இருவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஒயரை ஒரு தரம் சுண்டினால் நிறுத்து. இரண்டு தரம் சுண்டினால் இழு. பதினோரு வருஷம் சுவரின் இரண்டு பக்கமும் நின்று அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

பக்கிரிக்கு ஒயர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கத் தெரியாது. சொந்த வீட்டில் ஒற்றை ஃபேனுக்குக்கூட, ஏசிக்குப் போடுகிற தடித்த மஞ்சள் ஒயரைப் போட்டிருந்தார். "மில்லா ஓட்டப் போற?" என்று செம்மல் கிண்டல் செய்வான்.

அவர் அந்தப் பெட்டியைத் தூக்கியதுமே முகம் சுளித்தார்.

"எடையே இல்லியேடா."

நுனியைப் பல்லால் உரித்தார். கத்தியால் கம்பியைச் சுரண்டினார். உள்ளே வெள்ளையாக இளித்தது.

"ஃபேன், லைட்டுக்கு இது போதும்ண்ணே."

"நாளைக்கி ஏசி மாட்டுவாங்க. தாங்காது."

அன்றைக்கு மட்டும் ஒயரைப் பைப்புக்குள் விட்டு வேலையை முடித்துவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு செம்மலோடு வேலைக்கு வரவில்லை. மாசி மாதம் தெருவில் எதிரே வந்தபோது நிறுத்திச் சொன்னார். "அந்த ஊட்டுப் பொண்ணு முழுவாம இருக்குதாம். ஏழு மாசமாம். ஒயர மாத்திக் குட்துடுடா. எனக்குத் தூக்கமே வர்ல." அடுத்த வாரம் என்றான் செம்மல். நாலாம் நாள் நெஞ்சு வலியில் பக்கிரி செத்துப்போனார். பாடைக்கு ஒரு பக்கம் செம்மல்தான் தோள் கொடுத்தான். அந்த அடுத்த வாரம் மட்டும் வரவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று பத்துக்குப் போன் அடித்தது.

"அண்ணா, சிந்துஜா பேசறேன். மாடி ரூம்ல செவுரு சுடுதுண்ணா."

"ஏசி மாட்டிட்டீங்களா?"

"நாலு நாளாச்சி. கொயந்தைக்குப் புழுங்குதுன்னு..."

செம்மல் டூல் பையை எடுத்துக்கொண்டே சொன்னான். "மெயின அணச்சிடும்மா. புள்ளயத் தூக்கிக்கினு கீழ எறங்கிடு. இப்பவே."

ஒன்று முப்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தான். சிந்துஜா வாசலில் நின்றிருந்தாள். தோளில் இருபது நாள் குழந்தை. புருஷன் கடலுக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டில் போய் இருக்கச் சொல்லிவிட்டு செம்மல் வெளிப்படி ஏறி மாடிக்குப் போனான். பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம். ஏசி பாயிண்டுக்குக் கீழே சுவரில் கை வைத்தான். உடனே எடுத்துவிட்டான். மெயினை அணைத்து இருபத்தைந்து நிமிஷம் ஆகியும் சுவர் தோசைக்கல்லாகச் சுட்டது. அந்தச் சுவரை ஒட்டித்தான் குழந்தையின் தூளி தொங்கியது. தூளித் துணியின் ஓரம் பழுப்பாகியிருந்தது.

லோடு அதிகமானால் தானாக விழுகிற சுவிட்ச் ஒன்று கீழே பாதுகாப்புக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் பெட்டியில் அச்சடித்த அளவை நம்பி மாட்டிய சுவிட்ச் அது. உள்ளே ஓடுவது நூல் கம்பி என்று அதற்கு எப்படித் தெரியும்? அது விழவே இல்லை. இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தால்... செம்மல் அந்த நினைப்பை முடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

கையில் புது ஒயர் இல்லை. முதலில் பழையதை உருவிவிடுவோம் என்று மேலே முனைகளைக் கழற்றினான். காற்றில் கதவு அடித்துக்கொண்டது. வெளித்தாழ் போட்டுவிட்டு இறங்கினான். கீழே கூடத்தில் நின்று இழுத்தான்.

வரவில்லை. உருகிப் பைப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. மறுமுனையில் ஆள் இல்லாமல் வராது என்று அவனுக்கே தெரியும். தெருவை எட்டிப் பார்த்தான். வெயிலில் ஒரு நாய்கூட இல்லை.

மறுபடி பிடித்து இழுத்தான்.

ஒயர் ஒரு தரம் சுண்டியது.

செம்மல் அப்படியே நின்றான். கையில் பிடித்த ஒயரைப் பார்த்தான். மணி இரண்டு பதினெட்டு.

தானாக நெகிழ்ந்திருக்கும்... பிளாஸ்டிக் ஆறும்போது அப்படித்தான்...

மேலே 'டொக்' என்று ஒரு சத்தம். யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்தது மாதிரி.

வாசல் வழியே படியைப் பார்த்தான். யாரும் ஏறவில்லை.

மணி இரண்டு இருபது.

ஒயர் சுண்டியது. ஒரு தரம்...

இரண்டு தரம்.

அவன் இழுக்க நினைக்கவில்லை. கை இழுத்தது. பதினோரு வருஷப் பழக்கம்.

சர்ர்ர்ர்...

வந்தது. கருகிப் பொசுங்கிய ஒயர், சூடாக, உள்ளங்கையை அறுத்துக்கொண்டு வந்தது. விடத் தோன்றவில்லை.

பிறகு ஒரு முடிச்சு வந்தது.

பழைய ஒயரின் முனையில் இன்னொரு ஒயரைக் கொக்கி போட்டுக் கட்டியிருந்தது. மேலே சிவப்பு டேப், மூன்று சுற்று. டேப்பின் நுனி சின்னதாக மடித்து விடப்பட்டிருந்தது. பிரிக்கிறவனுக்கு நகம் வலிக்கக் கூடாது என்று அப்படி மடிக்கிற ஆள் ஒருவர்தான்.

பின்னால் வந்தது மஞ்சள் ஒயர்.

தடித்தது. ஜில்லென்று இருந்தது. மேலே அங்கங்கே நீலச் சுண்ணாம்புத் துணுக்கு.

சர்ர்ர்ர்...

ஒரு சுண்டு.

நிறுத்தினான்.

நுனியைப் பல்லால் உரித்துக் கத்தியால் சுரண்டினான். உள்ளே வரைக்கும் சிவப்பு. சுத்தமான செம்பு.

"அண்ணே..." என்றான்.

படி ஏறினான். வெளித்தாழ் போட்டபடியே இருந்தது. திறந்தான். அறையில் யாரும் இல்லை. தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஏசி பாயிண்டில் மஞ்சள் ஒயரின் முனைகள், மாட்டுவதற்குத் தயாராக, அரை அங்குலம் உரித்து நீட்டிக்கொண்டிருந்தன. தொட்டான். ஈரம். விரலைப் பார்த்தான்.

வெற்றிலை எச்சில்.

எப்படி மாட்டி முடித்தான் என்று அவனுக்கு நினைவில்லை. மெயினைப் போட்டபோது இரண்டு நாற்பது. ஏசி ஓடியது. சுவரைத் தொட்டான். குளிர்ந்திருந்தது.

சிந்துஜா மோர் கொண்டுவந்தாள். தட்டில் இரண்டு டம்ளர்.

"எதுக்கும்மா ரெண்டு?"

"மேல இருந்தவருக்குண்ணா. ஜன்னலாண்ட குந்திக்கினு ஒயரு விட்டுக்கினு இருந்தாரே. பக்கத்தூட்லேர்ந்து பாத்தேன், முதுவுதான் தெரிஞ்சிச்சி. கெளம்பிட்டாரா?"

செம்மல் ஒரு டம்ளரைக் குடித்தான். இன்னொன்றை மாடிக்குக் கொண்டுபோய் ஜன்னலோரம் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான்.

ஐந்தரை மணிக்கு மறுபடி போன் வந்தது. பக்கிரியின் மனைவி வசந்தா. மத்தியானத்திலிருந்து வீட்டில் கரண்ட் இல்லையாம், மற்ற வீடுகளில் எல்லாம் இருக்கிறதாம், ஒரு நடை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

பக்கிரியின் வீடு முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள். பிள்ளைச்சாவடியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். பல தரம் வந்து சாப்பிட்ட வீடுதான். ஆனாலும் சுவரில் அடித்திருந்த நீலச் சுண்ணாம்பைப் பார்த்ததும் வாசலிலேயே அவன் கால் நின்றுவிட்டது.

மீட்டரின் சீல் உடையவில்லை. சுவிட்ச் போர்டின் திருகுகள் மேல் சுண்ணாம்பு அப்படியே மூடியிருந்தது. கட்டிய நாளிலிருந்து யாரும் அதைக் கழற்றவில்லை. செம்மல் சுண்ணாம்பைச் சுரண்டித் திருகைக் கழற்றினான். பலகையை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

பைப் காலியாக இருந்தது.

அடுத்த போர்டைக் கழற்றினான். அதுவும் காலி. வீடு முழுக்கச் சுவருக்குள் ஒரு முழம் ஒயர்கூட இல்லை.

வசந்தா பின்னால் நின்று முந்தானையால் விசிறிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு இருபதுக்கு ஃபேன் நின்னுச்சி தம்பி. நான் நடுவூட்லதான் படுத்திருந்தேன். செவுத்துக்குள்ள சர்ருன்னு ஒரு சத்தம், யாரோ எதயோ உருவுற மாரி. எலின்னு நெனச்சிக்கினேன். கதவு தாப்பா போட்டது போட்டபடி இருக்குது, ஒரு ஆளு வர்ல போவல."

அவள் கிட்டே வந்து காலிப் பைப்பை எட்டிப் பார்த்தாள்.

"அவரு ஆசயா போட்ட ஒயராச்சே. யாருப்பா உருவுனது?"

செம்மல் துணி சுற்றிய வலது கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"நாந்தான் அண்ணி" என்றான்.