ஐந்தாவது மாலை

எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒருமுறை போரில் ஊரோடு சேர்ந்து இடம்பெயர்ந்தது. அப்போதிருந்த அதிபர் வரவுப் பதிவேட்டையும் பித்தளை மணியையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டாராம். பிறகு பல வருடம் அது வேறு ஊரில், வேறொரு பள்ளிக்கூடத்தின் கட்டடத்தில், அந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பின்னேரங்களில் நடந்தது. நான் படித்தது அந்தப் பின்னேரப் பள்ளிக்கூடத்தில். அவர்களுடைய கரும்பலகையில் இருப்பதை அழிக்கக் கூடாது என்பதால், எங்களுக்குச் சுவரோரமாக ஒரு சின்னப் பலகை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து எழுதித்தான் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

இராணுவத்திடமிருந்து காணிகள் விடுபட்டு ஊர் திரும்பியபோது பள்ளிக்கூடமும் திரும்பியது. மணி அதே மணி. கட்டடம் புதிது, வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் மாடி வைத்துக் கட்டித் தந்தார்கள். பிள்ளைகளை மட்டும் அவர்களால் அனுப்ப முடியவில்லை. ஊரில் இருந்த பிள்ளைகளையோ ஏழு மணிக்கு முன்னமே வான் வண்டிகள் வந்து அள்ளிக்கொண்டு பட்டணத்துக்குப் போயின. நான் அப்போது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். அந்தப் பதவிக்கு வேறு யாரும் கை உயர்த்தவில்லை.

ஒரு வருடக் கடைசியில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தேத்தண்ணீர் குடித்து முடித்தபின், வருகிற தை மாதம் முதலாம் தரத்தில் ஐந்து பிள்ளைகளாவது சேராவிட்டால், பள்ளிக்கூடத்தை மூடிப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு இணைக்க வேண்டி வரும் என்றார். நல்ல மனிதர். அதை வருத்தத்தோடுதான் சொன்னார்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெருமையைப் பற்றி எனக்கு நன்றாகவே பேச வரும். கடற்கரைப் பக்கத்து வீடொன்றில், வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு தாய் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உங்கடை மகளும் இஞ்சைதானே சேருறா, அண்ணை?”

“ஓம்,” என்றேன்.

“அப்ப சரி. என்ரை மகனும் வருவான்.”

நான் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு விண்ணப்பம் போட்டிருந்தோம், ஒரு பக்கத்தில் கிடக்கட்டும் என்று. பழைய மாணவரின் பிள்ளைக்கு அங்கே முன்னுரிமை உண்டு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட அதிபரிடம், “அஞ்சு பேர் தேறும், ரீச்சர்,” என்று சொன்ன கிழமையே அனுமதிக் கடிதம் வந்துவிட்டது.

மனைவி அதை இரண்டு தரம் வாசித்தாள். “பள்ளிக்கூடத்தைக் காப்பாத்த என்ரை பிள்ளைதானோ கிடைச்சது?” என்றாள். அவளோடு வாதாடினேன் என்று எழுத ஆசைதான். வாதாடவில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதிபரிடம் போய்ச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

முதலாம் தரப் பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழா எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் ஒரே நாளில்தான் நடக்கும். மனைவி மகளோடு பட்டணத்துக்குப் போனாள். செயலாளர் என்பதால் நான் இங்கே மேடையில் இருந்தேன். இரண்டாம் தரப் பிள்ளைகள் ஐந்து பேர் ஆளுக்கொரு மாலையோடு வரிசையாக நின்றார்கள். வாசலால் நான்கு பிள்ளைகள் வந்தார்கள். வலை வீட்டுத் தாயின் மகன் நெற்றியில் எண்ணெய் வழிய முதலாவதாக வந்தான்.

நான்கு மாலைகள் விழுந்தன. ஐந்தாவதை வைத்திருந்த சிறுமி கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அழுவாரைப் போலக் கேட்டாள்: “ரீச்சர், நான் இதை ஆருக்குப் போடுறது?”

அதிபர் என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. கோபித்து ஒரு சொல் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“மாமாவுக்குப் போடு, பிள்ளை. அவரும் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான்,” என்றார்.

நான் குனிந்தேன். பின்னேரப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கால்கோள் விழா என்று ஒன்று இருக்கவில்லை. ஆகவே முதலாம் வகுப்பு மாலை எனக்கு நாற்பது வயதில்தான் கிடைத்தது, அதுவும் என் மகளுக்குக் கட்டிய மாலை. எல்லாரும் கைதட்டினார்கள். வலை வீட்டுத் தாய் தட்டவில்லை.

இணைப்புக் கடிதம் அடுத்த மாதமே வந்தது. இப்போது அந்தத் தாய் காலையில் மகனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்கு மிதிக்கிறார். மகளின் வானுக்காக நான் சந்தியில் நிற்கிற நேரமும் அதுதான். ஒருநாள் என்னைக் கண்டு சைக்கிளை நிறுத்தினார். மேல்மூச்சு வாங்கியது.

“மகள் நல்லாப் படிக்கிறாவோ, அண்ணை?”

“ஓம்,” என்றேன்.