நடுவில் ஓட்டை விழுந்த கல்

எங்கள் அண்ணிக்குப் பல் செய்கிற வேலை. டாக்டர் யாருடைய வாயிலிருந்தோ அச்சு எடுத்து அனுப்புவார். அண்ணி அதில் மாவுக்கட்டு மாவைக் கரைத்து ஊற்றி, ஈறை எழுப்பி, காலியாக இருக்கும் இடத்துக்கு ஏற்ற மாதிரி பல்லைச் செதுக்கித் திருப்பி அனுப்புவார். போட்டுக்கொண்டவர் கண்ணாடியில் சிரித்துப் பார்த்துவிட்டு டாக்டருக்கு நன்றி சொல்வார். அண்ணியின் பெயர் எங்கேயும் வராது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே கதைதான்.

நான் அவருடைய நாத்தனார். கல்யாணமே வேண்டாம் என்று அண்ணன் வீட்டில் தங்கிவிட்டவள். டிக்கெட் முன்பதிவு கவுன்ட்டரில் உட்கார்ந்து, கண்ணாடியில் இருக்கும் ஓட்டை வழியாக ஊர்த் திட்டு முழுவதையும் வாங்குவது என் தொழில். அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அண்ணிக்கு வானத்துப் பித்து. மொட்டை மாடியில் ஒரு தொலைநோக்கி, கைபேசியில் ஒரு குழு. ஊரில் வானம் பார்க்கிறவர்களையெல்லாம் தேடிப்பிடித்துச் சேர்த்த குழு அது. அண்ணிதான் அட்மின். 'இங்கே அரசியலும் மதமும் பேசக்கூடாது' என்று முதல் விதியாகப் போட்டிருந்தார். பேசாதே என்றால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? அங்கே வேறெதுவுமே பேசியதில்லை.

குழுவில் இரண்டு பேர்தான் முக்கிய வில்லன்கள். ஒருவர் வக்கீல், பக்திமான். இன்னொருவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், சாமி இல்லை என்கிற கட்சி. அரசியலிலும் இரண்டு பேரும் எதிரும் புதிரும். வக்கீல் ஒருநாள் நிலாவைப் படம் எடுத்துப் போட்டு, 'படைத்தவனின் கைவண்ணம்' என்று எழுதினார். உடனே டிரைவிங் ஸ்கூல்காரர், 'அவ்வளவு பள்ளம் இருக்கே, அதுவும் அவர் கைவண்ணமா? இல்ல, நம்ம ரோட்டுப் பள்ளம் மாதிரி அதுக்கும் உங்க கட்சி பொறுப்பு ஏத்துக்காதா?' என்று பதில் போட்டார். மதம், அரசியல் இரண்டையும் ஒரே வரியில் இழுத்துவிட்டாரே மனுஷன்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணிக்குத் தலைவலி வந்துவிட்டது.

அப்புறம் தெருவிளக்குச் சண்டை. ஊரெங்கும் புதிதாக வெள்ளை விளக்குப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் நட்சத்திரம் பாதி மங்கிப்போனது. விளக்கைப் பற்றிப் பேசினால் அது வானமா, அரசியலா? ஒரு வாரம் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் வக்கீல் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறித் தனிக்குழு ஆரம்பித்தார். ஆனால் டிரைவிங் ஸ்கூல்காரரைத் திட்டாமல் அவருக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது. அந்த ஒரே ஆளைத் தன் குழுவில் தானே சேர்த்துவிட்டார்! அண்ணி மட்டும் இரண்டு குழுவிலும் இருந்தார். அண்ணியின் கைபேசி வழியாக நானும் இருந்தேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் அண்ணி காத்திருந்த கல் வந்தது. வானத்தில் சுற்றுகிற ஒரு சிறுகோள். தொலைநோக்கியிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான கல். அது ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது நட்சத்திரம் சில விநாடி அணைந்து மறுபடி எரியும். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஆட்கள் வரிசையாக நின்று, தங்கள் இடத்தில் எப்போது அணைந்தது, எப்போது எரிந்தது என்று குறித்துக் கொடுத்தால், அதையெல்லாம் அடுக்கிக் கல்லின் உருவத்தையே வரைந்துவிடலாம். பார்க்காத வாய்க்குப் பல் செய்கிற அண்ணிக்கு இது பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

"இந்த அளவையெல்லாம் சேர்த்து வைக்கிற சங்கம் ஒண்ணு இருக்கு. அவங்களுக்கு அனுப்பினா நம்ம பேரோட போடுவாங்க" என்றார். பேர் என்று சொல்லும்போது அவர் குரல் மாறியதைக் கவனித்தேன்.

இரண்டு குழுவிலும் கெஞ்சிக் கூத்தாடி ஆள் சேர்த்தார். வடக்குக் கோடியில் ஒரு பேக்கரிக்காரர், தெற்கில் எங்கள் மாடி, இடையில் இன்னும் சிலர். நட்டநடுவில் வக்கீலும் டிரைவிங் ஸ்கூல்காரரும். இவ்வளவு சண்டை போடுகிறவர்கள் குடியிருப்பது என்னவோ பக்கத்துப் பக்கத்துத் தெருவில். நேரில் பார்த்துக்கொண்டதுகூட இல்லை.

"பைத்தியமா அண்ணி உங்களுக்கு? நடுவுல போய் அந்த ரெண்டு பேரையுமா வைப்பீங்க?"

"நடுதான் முக்கியம். அவங்க ரெண்டு பேரும் எதுலயும் ஒத்துப்போக மாட்டாங்க. அவங்களே ஒரே மாதிரி சொல்லிட்டா உலகமே நம்பும் பாரு."

கல் குறுக்கே போகிற அன்றைக்குப் பொழுது சாய்ந்து வானம் கருநீலமாகிற நேரத்தில் மாடியில் இருந்தோம். அண்ணி தொலைநோக்கியில் கண்ணை ஒட்டவைத்தது போல உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குரல் பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது; அணையும்போதும் எரியும்போதும் கத்தினால் நேரம் அதில் பதிவாகிவிடும், எல்லோருக்கும் இதே ஏற்பாடுதான். எனக்கு எப்போதும்போல வேடிக்கைதான் வேலை. அண்ணியின் கைபேசியை எடுத்து வக்கீலின் குழுவைத் திறந்தேன். அங்கே வழக்கமான குஸ்தி. வக்கீல், 'ஒழுங்கு இருந்தா ஒழுங்குபடுத்தினவன் இருக்கணும்' என்று போட்டிருந்தார். கீழே, டிரைவிங் ஸ்கூல்காரர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நான் அவர் என்ன எழுதப்போகிறார் என்று ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போச்சு!" என்று கத்தினார் அண்ணி.

நான் திடுக்கிட்டேன். அதே நொடியில் திரையில் பதில் வந்து விழுந்தது: 'அப்ப டிராபிக் ஜாமை யார் ஒழுங்குபடுத்தினது?' நான் பக்கென்று சிரித்தேன். வக்கீல் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது.

"வந்துருச்சு!" என்றார் அண்ணி. 

மறுநாள் எல்லோரும் விவரம் அனுப்பினார்கள். வடக்கே இருந்தவர்களுக்கு அணைந்து எரிந்தது. தெற்கே எங்களுக்கும் அப்படியே. நடுவில் வக்கீல், 'அணையவே இல்லை' என்று எழுதியிருந்தார். கொஞ்ச நேரத்தில் டிரைவிங் ஸ்கூல்காரரிடமிருந்தும் அதே பதில். அண்ணி ஒரு தாளில் கோடுகளை அடுக்கிப் பார்த்தார். மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, நடுவில் ஓட்டை.

"இது ஒரு கல்லு இல்லடி. ரெண்டு கல்லு. ஒண்ணை ஒண்ணு சுத்திட்டிருக்கு. இதை யாரும் இதுக்கு முன்னாடி சொன்னதில்ல." அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாம கண்டுபிடிச்சிருக்கோம்."

அன்று இரண்டு குழுவிலும் கல்யாண வீடு மாதிரி கலகலப்பு. வக்கீல் தன் கடையைக் கட்டிவிட்டு எல்லோரையும் அழைத்துக்கொண்டு பழைய குழுவுக்கே திரும்பினார். டிரைவிங் ஸ்கூல்காரர் அவருக்குக் கைகூப்பும் பொம்மை அனுப்பினார். அண்ணன்கூட, "உலகத்துல சமாதானம் வந்துடுச்சா? சாப்பிடலாமா?" என்று கேட்டான். அவனுக்கு எல்லாக் கட்சியும் சாப்பாட்டுக் கட்சிதான்.

எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அந்தப் 'போச்சு' காதிலேயே இருந்தது. அந்த நொடியில் அவர்கள் இரண்டு பேர் கண்ணும் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் அண்ணியின் கண்டுபிடிப்பு போய்விடும், குழு மறுபடி உடையும். சொல்லாவிட்டால்? வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. "என்னடி, உடம்பு சரியில்லையா?" என்று அண்ணி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அதோடு என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அண்ணி பல் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பது நின்றது.

"நீ பார்த்தது முன்ன பின்ன இருக்கும்."

"இல்ல அண்ணி. நீங்க கத்தினப்பதான் பதில் வந்து விழுந்துச்சு."

"ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருப்பாங்க. அவ்வளவுதானே?"

"அணைஞ்சதே அந்த ஒரு தடவைதானே அண்ணி."

"நாத்தனார் புத்தியைக் காட்டிட்டியே!" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் தப்பில்லை, நானாக இருந்தால் பல்லை எடுத்து வீசியிருப்பேன். அந்தப் பல்லைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தார். வக்கீலையும் டிரைவிங் ஸ்கூல்காரரையும் வீட்டுக்கு வரச் சொன்னார்.

அன்று மதியமே வந்துவிட்டார்கள். குழுவில் அத்தனை முழக்கம் போடுகிற வக்கீல் நேரில் என் தோள் உயரம்தான். குரலும் பூனைக்குட்டிக் குரல். 'அடேய் அறிவாளி' என்று எழுதுகிற டிரைவிங் ஸ்கூல்காரர் அவரைக் கண்டதும் எழுந்து, "வாங்க சார், உக்காருங்க" என்று தன் நாற்காலியையே கொடுத்தார். எனக்குத் தலை சுற்றியது. அண்ணன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நைசாக நழுவினான்.

அண்ணி யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஓட்டை விழுந்த கல்லின் படத்தை அவர்கள் முன்னால் வைத்தார்.

"இதை அனுப்பினா முதல் பேரு என்னோடது வரும். எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, ஆசைதான். அந்த நேரத்துல தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லன்னு நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே அனுப்பிடறேன்."

வக்கீல் டீயைப் பார்த்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் ஜன்னலைப் பார்த்தார்.  ஒருவர் பொய் சொன்னால் போதும், மற்றவரும் சொல்லிவிடுவார். சொல்லிவிடட்டுமே என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அண்ணியின் முகம் அப்படி இருந்தது.

"குனிஞ்சேம்மா" என்றார் வக்கீல். "ஒரு நொடிதான்னு நினைச்சேன். முன்னாடியும் நட்சத்திரம் இருந்துச்சு, பின்னாடியும் இருந்துச்சு. அப்புறம் பதிவைப் போட்டுக் கேட்டா, இவரைத் திட்டிக்கிட்டே எழுதுறது ரொம்ப நேரம் ஓடுது. அதனாலதான் அந்தப் பதிவை உங்களுக்கு அனுப்பல. எதுக்கெடுத்தாலும் சாமி மேல சத்தியம் பண்றவன் நான். இதுக்குப் பண்ண முடியலம்மா."

டிரைவிங் ஸ்கூல்காரர் தொண்டையைக் கனைத்தார். "எனக்குச் சத்தியம் பண்றதுக்குச் சாமியும் இல்ல மேடம். இருந்தாலும் பொய் வரமாட்டேங்குது. நானும் பார்க்கல. இவர்தான் போனைப் பார்த்துட்டிருக்கார், நான் சும்மா குனிஞ்சு நிமிர்ந்தேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ரோட்டைப் பாரு, போனைப் பார்க்காதேன்னு தினமும் ஊருக்கே பாடம் நடத்துறவன் நான்!"

"என் கல்லைப் பாழாக்கிட்டீங்களே ரெண்டு பேரும்!" என்று அண்ணி வெடித்தார். "படைச்சாரா படைக்கலையான்னு விடிய விடியப் பேசுறீங்களே, படைச்சதோ தானா வந்ததோ, அது கண்ணு முன்னாடி வந்து நின்னப்ப ஒருத்தராவது பார்த்தீங்களா?"

வக்கீல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் தலையைத் தூக்கவே இல்லை. அண்ணி எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு அழிரப்பரை எடுத்து, நடுவில் அணையவில்லை என்று அவர்கள் இரண்டு பேருக்கும் போட்டிருந்த கோடுகளை மட்டும் அழித்தார். அந்த இடத்தில் 'இங்கே இருந்தவர்கள் பார்க்கவில்லை' என்று எழுதி அறிக்கையை அனுப்பினார். இரண்டு கல் என்ற பேச்சே அதில் இல்லை.

"அப்ப ஓட்டை இல்லையா அண்ணி?" என்று கேட்டேன்.

"இல்லன்னும் யாரும் பார்க்கல, இருக்குன்னும் யாரும் பார்க்கல. இந்தக் கல்லு மழைக்காலம் முடிஞ்சதும் இன்னொரு நட்சத்திரத்தை மறைக்குது. அப்பப் பார்த்துக்கலாம்."

நடந்தது என்ன என்பதை வக்கீலே குழுவில் எழுதினார். டிரைவிங் ஸ்கூல்காரர் அதன் கீழே 'என்னோடதும் இதே கதை' என்று போட்டார். குழு உடையும் என்று நான் பயந்தேன், ஒரு ஆள்கூடப் போகவில்லை. இரண்டு நாள் கேலி செய்து தீர்த்தார்கள், அவ்வளவுதான். முதல் விதியை அண்ணி எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, 'கண் தொலைநோக்கியில் இருக்கும்போது போன் கையில் இருக்கக்கூடாது' என்று போட்டார்.

மழை விட்டது. இந்தமுறை கல்லின் நடுப்பகுதி எங்கள் மாடிக்கு நேராகவே வந்தது. வக்கீலும் டிரைவிங் ஸ்கூல்காரரும் தொலைநோக்கிகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். எல்லோருடைய கைபேசியையும் வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். போன் இல்லாவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே. வரப்போகிற தேர்தலில் ஆரம்பித்து மறுபிறவிவரை போனார்கள். நான் நடுநடுவே எடுத்துக்கொடுத்தேன்.

"நேரமாச்சு" என்றார் அண்ணி.

பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டு இரண்டு பேரும் குனிந்தார்கள். மடியில் டப்பா கிர்ரென்று அதிர்ந்தது. யாரும் திரும்பவில்லை. அவர்கள் முதுகையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போச்சு!" என்றன மூன்று குரல்கள். அப்புறம், "வந்துருச்சு!"

நடுவிலும் அணைந்துவிட்டது. ஓட்டையும் இல்லை, இரண்டாவது கல்லும் இல்லை, சாதாரணக் கல்தான். நான் பயந்துபோய் அண்ணியைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"முழுக்கல்லு! இப்ப உலகமே நம்பும் பாரு" என்றார்.

மறுநாள் அறிக்கையை எழுதி என்னிடம் காட்டினார். முதலில் அண்ணியின் பெயர். அடுத்து வக்கீல், டிரைவிங் ஸ்கூல்காரர், பேக்கரிக்காரர், மற்றவர்கள். கடைசியில் என் பெயர். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒருநாள்கூட அந்தக் குழாயில் கண்ணை வைத்தவளில்லை நான்.

"நான் என்ன அண்ணி பண்ணேன்? என் பேரு எதுக்கு?"

"போன தடவை எங்க எல்லாரையும்விட ஒழுங்காப் பார்த்தது நீதானேடி" என்றார் அண்ணி.

என் பெயருக்கு எதிரே, என்ன வேலை செய்தார் என்ற இடத்தில், 'சாட்சி' என்று எழுதியிருந்தார்.