ரசீதைப் படித்த நூல்கடைக்காரர்

அறுபதுகளில், சிறையிலிருந்து வெளியே வருபவர்களுக்கு உதவும் சங்கமொன்றில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். நன்கொடை கேட்க அருப்புக்கோட்டைக்கு அனுப்பினார்கள். நூல்கடை முதலாளியொருவர், பஞ்சு ஒட்டிய புருவத்தோடு, நூலிழைகளை இழுத்து அறுத்துப் பார்த்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். ‘ஜெயில்’ என்றால் விரட்டிவிடுவாரென்று பயந்து, “ஏழைகளுக்காக” என்று மழுப்பினேன். அவரோ நான் நீட்டிய ரசீதில் அச்சிட்டிருந்த சங்கத்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

“விடுதலையான கைதிகளா? இத மொதல்லயே சொல்லப்படாதா தம்பி? ஜெயில்ல தறி பழகியிருப்பாகள்ல? நம்ம தறிக்கு ஆளு பத்தல. ரெண்டு பேர அனுப்பி வைங்க.”

போன உயிர் திரும்பி வந்தது. என்ன குற்றம் செய்தவர்கள் என்று கேட்டால் சொல்லவேண்டிய பதிலைப் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். இன்னோர் இழையை அறுத்தபடி அவர் கேட்டது ஒன்றுதான்:

“எத்தனாம் நம்பர் நூலு நெய்வாக?”

நூலின் பருமனுக்கு நம்பர் உண்டென்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.