கம்பி நிழல் போட்டவர்

படப்பிடிப்புத் தளத்தில் அவரை எல்லோரும் கம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். ஒல்லி என்பதால் வந்த பெயர் இல்லை. ஆள் நல்ல வாட்டசாட்டம். லைட்மேன் வேலை. விளக்குக்கு முன்னால் மரச்சட்டத்தை நிறுத்தி, நடிப்பவர் முகத்தில் சிறைக்கம்பி மாதிரி நிழல் விழவைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சட்டத்தை ஒரு விரற்கடை முன்னே தள்ளுவார், நிழல் கத்தியாய்க் கூராகும். பின்னே இழுப்பார், புகை மாதிரிக் கலையும்.

இந்த நிழலுக்கு இப்படி ஒரு கிராக்கி இருக்கும் என்று அவரே நினைத்ததில்லை. கல்யாணமாகி வந்த பெண் புகுந்த வீட்டு ஜன்னலில் நிற்கிறாளா, போடு கம்பியை. குமாஸ்தா அலுவலகப் படியேறுகிறானா, கைப்பிடி நிழல் அவன் முதுகில் வரிவரியாய் விழ வேண்டும். குடிகாரனுக்கு வரிசையாய் நிற்கும் பாட்டில்கள், பணக்காரக் கிழவருக்குத் திரைச்சீலை மடிப்புகள். யாருக்கு என்ன கஷ்டமாக இருந்தாலும் அது கடைசியில் சிறையாகத்தான் இருந்தது. ஒரு படத்தில் ஜன்னல் நிழலோடு கூண்டுக்கிளியும் வைத்திருந்தார்கள். "கிளியும் வேணும், கம்பியும் வேணுமா சார்? சனங்களுக்கு ஏதாவது ஒண்ணு போதாதா?" என்று கேட்டு இயக்குநரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வீட்டில் மனைவி கேட்பாள். "உங்க சினிமாவுல ஜெயில்ல இல்லாதவங்க யாராவது உண்டா?"

"உண்டே. டைரக்டர்."

"நம்ம வீட்டு ஜன்னல்லயும் கம்பிதான் இருக்கு. அப்போ நானும் ஜெயில்லயா இருக்கேன்?"

"நீ ஏன் இருக்கே? நான்தான் இருக்கேன்" என்பார். கையில் கரண்டி இருந்தால் முழங்கையில் ஒன்று விழும்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீட்டில்தான் அது நடந்தது. கம்பிக்கு ஒரே தம்பி. லாரி ஓட்டிக்கொண்டிருந்தான், கல்யாணம் ஆகவில்லை. சரக்கு இறக்கும் இடத்தில் எந்த வண்டி முதலில் போவது என்று இன்னொரு டிரைவரோடு வாய்த்தகராறு. வார்த்தை தடித்தது. தம்பி நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அந்த ஆள் பின்னால் சரிந்து சிமெண்ட் மேடை விளிம்பில் மண்டை மோத விழுந்தார், எழுந்திருக்கவே இல்லை. தம்பி ஓடவில்லை. போலீஸ் வரும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். வேண்டுமென்று செய்த கொலை இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் வருஷக்கணக்கில் தண்டனை.

தளத்தில் திடீரென்று அவரை யாரும் கம்பி என்று கூப்பிடவில்லை. தம்பி கம்பி எண்ணிக்கொண்டிருக்கும்போது அண்ணனை அந்தப் பெயரில் எப்படிக் கூப்பிடுவது? 'அண்ணே' என்றார்கள், 'இந்தாங்க' என்றார்கள், ஒருவர் இருமிக் காட்டினார். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தேநீர் இடைவேளையில் அவரே சொன்னார்: "பழைய பேரையே கூப்பிடுங்கப்பா. நீங்க பேரை முழுங்கறதைப் பார்த்தா எனக்குத் தொண்டை அடைக்குது."

மாதாமாதம் மனைவியோடு தம்பியைப் பார்க்கப் போனார். முதல் தடவை போனபோது, தன்னையறியாமல் நிழலைத்தான் தேடினார். பார்வையாளர் அறையில் இளஞ்சிவப்புச் சுவர், பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவே கண்ணாடி, இரண்டு பக்கமும் ஒரு தொலைபேசி. மேலே வரிசையாய் டியூப்லைட். எதற்கும் நிழலே விழவில்லை. தம்பி முகம் மேடு பள்ளம் ஒன்றும் தெரியாமல் வெளுத்துக் கிடந்தது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது மனைவியிடம், "ஒரு பேங்க் மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

தண்டனை முடிந்து தம்பி வந்தபோது அண்ணி அவனுக்கு முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். சாதுவாக இருந்தான். தட்டைக் கழுவி வைத்தான், கேட்டதற்குப் பதில் சொன்னான். ஆனால் முன்னறை விளக்கு இரவெல்லாம் எரிந்தது. மறதி என்று நினைத்துக் கம்பி இரண்டொரு முறை அணைத்தார். காலையில் பார்த்தால் மறுபடி எரிந்துகொண்டிருந்தது, தம்பி கண் சிவந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, தூங்கலையா?"

"இருட்டா இருந்தா தூக்கம் வரமாட்டேங்குதுண்ணே. உள்ளே விளக்கை அணைக்கவே மாட்டாங்க. முதல்ல கண்ணு மேல துணியைக் கட்டிக்கிட்டுப் படுத்தேன். அப்புறம் பழகிடுச்சு."

"ராத்திரி முழுக்கவா?"

"நம்ம முகம் அவங்களுக்குத் தெரியணும்ல."

கம்பி தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். இத்தனை காலமாக அவர் செய்து கொடுத்த சிறைகள் எல்லாமே இருட்டு. இருட்டின் நடுவே மேலேயிருந்து ஒரு ஒளிக்கீற்று. அதுதான் நம்பிக்கை என்று எல்லா இயக்குநர்களும் சொல்லியிருக்கிறார்கள். தம்பியை வதைத்ததோ வெளிச்சம். அன்று முழுக்க அவருக்கு வேலையே ஓடவில்லை. தான் கற்ற தொழிலே தன்னை ஏமாற்றிவிட்டது போல ஒரு கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் புதிய பெண் இயக்குநர் ஒருவரின் படம் வந்தது. படுக்கையில் கிடக்கும் மாமனாரை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொள்ளும் மருமகள் கதை. கடைசியில் அவள் நிற்கும் அறை அப்படியே சிறை அறையாக மாற வேண்டும். "அண்ணே, உங்க கம்பியை நம்பித்தான் இந்த சீனே எழுதினேன்" என்றார் இயக்குநர்.

கம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேடம், நிஜ ஜெயில்ல நிழலே இருக்காது. பளிச்சுன்னு இருக்கும். ஒளிஞ்சுக்க ஒரு மூலை இருக்காது."

இயக்குநருக்கு அவர் வீட்டு விஷயம் தெரியும். முழுக்கக் கேட்டார். அவர் சொன்னபடியே டியூப்லைட் வைத்து ஒரு ஷாட் எடுத்துப் பார்த்தார்கள். திரையில் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. கம்பிக்கே அது தெரிந்தது.

"நீங்க சொல்றதுதான் நிஜம்ணே. ஆனா இது நிஜ ஜெயில் இல்லையே, அவ மனசு."

"மனசுக்கு எதுக்கு மேடம் கம்பி?"

இயக்குநர் அவர் பக்கம் திரும்பினார். "மனசைக் காட்ட எங்கிட்ட வேற என்ன இருக்கு, சொல்லுங்க. ஒரு மூஞ்சி, ஒரு சுவர், உங்க லைட்டு. பார்க்கறவங்க ஒரு நொடியில புரிஞ்சுக்கணும். அவங்க யாரும் ஜெயிலுக்குப் போனதில்லை. சினிமா ஜெயிலுக்குத்தான் போயிருக்காங்க."

கம்பி டியூப்லைட்டை அணைத்தார். சட்டத்தை எடுத்துவந்து நிறுத்தினார். விளிம்பு தெரியாதபடி வெகுவாகப் பின்னால் இழுத்து, மூச்சுவிட்டால் அழிந்துவிடும் போல நிழலைப் போட்டார். நடிகை அதற்குள் வந்து நின்றபோது தளத்தில் யாரும் அசையவில்லை.

படம் முடிந்து, வேலை செய்தவர்களின் குடும்பத்துக்கு ஒரு மாலை தனிக்காட்சி வைத்தார்கள். தம்பியைக் கூட்டிப்போகக் கம்பிக்கு மனமில்லை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகிவிடுமோ என்ற பயம். மனைவிதான், "எவ்வளவு நாளைக்கு அவனைச் சுவரைப் பார்க்க வைப்பீங்க?" என்று இழுத்துவந்தாள். படம் ஓடும்போது கம்பி திரையைப் பார்க்கவில்லை, தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சியில் தம்பி கண்ணைத் துடைத்தான்.

வெளியே வந்து ஓரமாக நின்றதும் கம்பி சொன்னார். "எல்லாம் பொய்டா. இவங்களுக்கு என்ன தெரியும்?"

"நல்லாத்தான்ணே இருந்துச்சு."

"உனக்குக் கோபம் வரலையா? வீட்டுல இருக்கறவளைப் போய் ஜெயில்ல இருக்கான்னு காட்டுறாங்க."

தம்பி மெல்லச் சொன்னான். "உள்ளே எங்களுக்கும் படம் போடுவாங்க. ஹால்ல தரையில உட்கார்ந்து பார்ப்போம். ஜெயில் சண்டை வந்தா சிரிப்போம். அந்த மாதிரி சாப்பாட்டு நேரத்துல சண்டை போட்டா ஒரு மாசம் தனியறைதான். ஆனா ஒரு பொண்ணு ஜன்னல்கிட்ட சும்மா நிக்கற மாதிரி வந்தா மட்டும், ஒருத்தரும் பேசமாட்டாங்க. பெரிய பெரிய ஆளுங்க அழுவாங்க. வீட்டுல இருக்கறவங்களையும் சேர்த்துத்தான் உள்ளே தள்ளிட்டோம்னு அப்போதான் உறைக்கும்."

மனைவிக்கு முகம் கடுகடுத்தது. "நான் ஒண்ணும் ஜன்னல்ல நிக்கலைப்பா. எனக்கு ஆயிரம் வேலை இருந்துச்சு."

"உங்களைச் சொல்லலை அண்ணி" என்றான் தம்பி. யாரைச் சொல்கிறான் என்று இருவருக்கும் புரிந்தது. இறந்துபோனவருக்கு மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருந்தார்கள்.

சில நாள் கழித்து அவனே வாய் திறந்தான். அந்த அம்மாவை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

"கேஸ் முடிஞ்சுது, தண்டனை முடிஞ்சுது. போய் என்னடா பேசப்போறே?" என்று கம்பி அதட்டினார். "அது சர்க்காருக்கு முடிஞ்சுதுண்ணே" என்றான் அவன். தனியே அனுப்ப மனம் வராமல் கம்பியும் கிளம்பினார்.

விசாரித்துக்கொண்டு போனார்கள். வீடு பூட்டியிருந்தது. அடுத்த தெருவில் பாருங்கள் என்றார் எதிர்வீட்டுக்காரர். அங்கே, கூரையில் பயிற்சிப் பலகை மாட்டிய கார் ஒன்று துள்ளித் துள்ளி வந்து நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது வேர்த்து வழியும் ஒரு நடுவயது மனிதர். பக்கத்து இருக்கையில் அந்த அம்மா. "கிளட்ச்சை அப்படியே விட்டா வண்டி முயல்குட்டி மாதிரிதான் போகும் சார், மெதுவா விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கியவள், தம்பியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"நான்..." என்று ஆரம்பித்தான் தம்பி.

"தெரியும். கோர்ட்டுல தினம் பார்த்த முகம்தானே." காரின் கதவைச் சாத்தினாள். "எதுக்கு வந்தீங்க?"

"எதுக்குன்னு எனக்கே சரியாத் தெரியலைம்மா. நீங்க வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"கிடந்தேன், கொஞ்ச நாள். அப்புறம் பொண்ணைப் படிக்க வைக்கணும்ல. அவர் எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்திருந்தார், அது கை கொடுத்துச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்களை எங்கேயாவது பார்த்தா என்ன செய்யணும், என்ன சொல்லணும்னு எவ்வளவோ யோசிச்சு வச்சிருந்தேன். இப்போ ஒண்ணும் வரலை."

உள்ளே இருந்தவர் தவறுதலாக ஹாரனில் கைவைத்தார். மூன்று பேரும் தூக்கிவாரிப் போட்டது போல விலகினார்கள்.

"இனிமே வராதீங்க" என்றாள். "கோபத்துல சொல்லலை. உங்களைப் பார்த்தா அந்த நாள் திரும்ப வருது. எனக்கு அது வேணாம். உங்களுக்கும் வேணாம்."

"சரிம்மா" என்று தம்பி கைகூப்பினான். அவள் பதிலுக்குக் கும்பிடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. கார் மறுபடி துள்ளிக்கொண்டு கிளம்பிப் போனது.

பேருந்தில் தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்தான். பாதி தூரம் போனதும், யாரும் கேட்காமலே ஆரம்பித்தான்.

"அன்னைக்குக் காலையில ஒரே டம்ளர்ல டீயைப் பங்கு போட்டுக் குடிச்சோம்ணே, நானும் அவரும். கடையில அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. கோர்ட்டுல யாரும் இதைக் கேட்கலை. நானும் சொல்லலை."

அவர் எப்படிப் பேசுவார், வண்டியில் எந்தப் பாட்டைச் சத்தமாக வைப்பார், பெண்ணுக்குப் பல் முளைத்ததை எப்படி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் என்று ஒவ்வொன்றாக வந்தது. இறந்தவர் பெயரைத் தம்பி வாயால் கம்பி கேட்பது அதுதான் முதல் தடவை. இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. எழுந்தால் பேச்சு அறுந்துவிடும் என்று கம்பி உட்கார்ந்தபடியே இருந்தார். அடுத்ததும் போயிற்று. கடைசியில் பேருந்து காலியாகி, "இதுக்கு மேல வண்டி போகாது சார்" என்று கண்டக்டர் வந்து நின்றார்.

இறங்கி, வந்த வழியே நடந்தார்கள். தம்பி இன்னும் பேசிக்கொண்டிருந்தான். போன் அடித்தது; மனைவி. "எங்கே இருக்கீங்க ரெண்டு பேரும்?"

எங்கே இருக்கிறோம் என்று கம்பிக்குச் சரியாகத் தெரியவில்லை. "வந்துக்கிட்டே இருக்கோம்" என்றார்.